பாவித்த தளபாடங்களிலிருந்து பழைய சிலிக்கோனை அகற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வீடு மாறுகிறவர்களும் வெளிநாடு செல்கிறவர்களும் விற்றுவிட்டுப் போகும் தளபாடங்களில், பலா, தேக்கு, முதிரை போன்ற மரங்களில் செய்த நல்ல அலுமாரிகளும் மேசைகளும் இன்னமும் கிடைக்கின்றன. அவற்றிற் பலவற்றின் குறை மரத்தில் இல்லை. இடையில் வைத்திருந்த யாரோ ஒருவர் இடைவெளியை மூடவோ, ஆடிய கண்ணாடியை நிறுத்தவோ, எறும்பு வராமல் தடுக்கவோ பூசிவிட்ட சிலிக்கோனில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் பின்பக்க பல்கனியில் சில ஆண்டுகளாக இத்தகைய பொருட்களைச் சீர்செய்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒட்டியிருப்பது சிலிக்கோன்தானா, வேறு பசையா என்பதை எப்படி அறிவது?

ஒரு சிறு துண்டை ஓரத்தில் வெட்டி எடுத்து விரல்களால் இழுத்துப் பாருங்கள். இறப்பரைப் போல நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்கே திரும்பினால் அது பெரும்பாலும் சிலிக்கோன். சுவருக்குப் பூசும் அக்ரிலிக் நிரப்பி அவ்வளவு நீளாது. பழையதானால் வெடித்து உதிரும். சேர்ஜிகல் ஸ்பிரிட் தோய்த்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் இளகும். சூட்டுப் பசையை, அதாவது பசைத் துப்பாக்கியால் உருக்கி வைப்பதை, ஹெயார் டிரையரால் சூடாக்கினால் மென்மையாகிவிடும். சிலிக்கோன் அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. இன்னோர் அடையாளமும் உண்டு: அதன் மேல் முன்பு யாராவது பெயின்ட் பூச முயன்றிருந்தால், அந்தப் பெயின்ட் தோல் போல உரிந்து வரும். சிலிக்கோனின் மேல் எதுவும் நிலையாகப் பிடிப்பதில்லை. பின்னால் வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்தக் குணமே காரணம்.

இந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அக்ரிலிக்கைச் சிலிக்கோன் என்று நினைத்து அலகால் சுரண்டி மரத்தைக் கீறியவர்களும், சிலிக்கோனை அக்ரிலிக் என்று நினைத்து நாட்கணக்கில் ஈரத்துணி போட்டு மரத்தை ஊறவைத்தவர்களும் இருக்கிறார்கள்.

எந்தத் தின்னர் சிலிக்கோனைக் கரைக்கும்?

ஹார்ட்வெயார் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எந்தத் திரவமும் இறுகிய சிலிக்கோனைக் கரைக்காது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால் பணமும் மரமும் இரண்டும் தப்பும்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான பசைகளின் முதுகெலும்பு கார்பன் அணுக்களால் ஆனது. சிலிக்கோனின் முதுகெலும்போ சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் மாறி மாறி அமைந்த சங்கிலி. மணலையும் கண்ணாடியையும் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதும் இதே பிணைப்புத்தான். சிலிக்கோன் கண்ணாடியில் அவ்வளவு பலமாக ஒட்டுவதற்கு இந்த உறவும் ஒரு காரணம். குழாயிலிருந்து வெளியே வரும்போது பசையாக இருப்பது, காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு சங்கிலிக்குச் சங்கிலி குறுக்குப் பிணைப்புப் போட்டு வலை போல இறுகிவிடுகிறது. வலையாகிவிட்ட பொருளைக் கரைப்பான் ஊடுருவி வீங்கச் செய்யலாம், பிரித்துக் கரைத்துவிட முடியாது. கொழும்பின் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் அதிகம் என்பதால் இங்கே சிலிக்கோன் நன்றாகவே இறுகும்.

வீங்கச் செய்வதிலும் திரவத்துக்குத் திரவம் வேறுபாடு உண்டு. டர்பன்டைன், மண்ணெண்ணெய், டொலுயீன், சைலீன் ஆகியவை சிலிக்கோனுக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும். டொலுயீனில் ஊறிய தூய சிலிக்கோன் இறப்பர் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வீங்கியது பலம் இழந்து, பிடித்த இடத்தை விட்டு எளிதாகக் கழன்று வரும். கரைப்பானால் கிடைக்கும் பயன் அவ்வளவுதான். அல்கஹோலும் நகப்பூச்சு நீக்கப் பாவிக்கும் அசற்றோனும் சிலிக்கோனைப் பெரிதாக வீங்க வைப்பதில்லை. ஆனால் மரத்தின் மெருகை அழிப்பதில் அவை இரண்டும் மிகவும் வல்லவை. அசற்றோனை ஊற்றி, சிலிக்கோன் அப்படியே இருக்க அதைச் சுற்றியிருந்த பொலிஷ் மட்டும் போய்விட்ட மேசைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வினாகிரி, தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவை உதவுமா?

வினாகிரி உதவாது. ஒரு வகைச் சிலிக்கோன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுவதால் வினாகிரி மணம் வருகிறது. அதை வைத்துச் சிலர் வினாகிரியால் அது இளகும் என்று நம்புகிறார்கள். வெளியேறிய அமிலத்தைத் திரும்ப ஊற்றினால் இறுகியது பழையபடி பசையாகிவிடாது.

தேங்காய் எண்ணெயும் துரு நீக்கும் ஸ்பிரேயும் அலகு வழுக்கிச் செல்ல உதவலாம். கண்ணாடியிலும் ஓட்டிலும் அதனால் தீங்கில்லை. மரத்தில் அவற்றைப் பாவிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து: எண்ணெய் மரத்தின் நாளங்களுக்குள் இறங்கிவிட்டால், ஒரு அழுக்கை எடுக்கப் போய் இன்னோர் அழுக்கை உள்ளே வைத்ததாகிவிடும். மண்ணெண்ணெயும் மெதுவாக உலர்ந்து எண்ணெய்ப் பிசுபிசுப்பை விடுவதால், டர்பன்டைன் கிடைக்கும்போது அதற்கு அவசியமில்லை.

வேலைக்கு என்னென்ன வேண்டும்?

அதிகம் வேண்டாம். மரத்துக்குப் பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று; அது இல்லாவிட்டால் பழைய வங்கி அட்டை ஒன்றின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துக் கொள்ளலாம், அல்லது மூங்கிற் சீவல் ஒன்றை உளி போலச் சீவிக் கொள்ளலாம். வெட்டுவதற்குப் பேப்பர் கட்டர், கண்ணாடிக்குச் சவர அலகு, ஒட்டிய கண்ணாடியைப் பிரிக்க மீன் பிடிக்கும் தங்கூசி நூல், டர்பன்டைன் ஒரு சிறு போத்தல், பாமசியில் விற்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட், சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணிகள் நிறைய, பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்று. கையுறையும் வேண்டும். பழைய சோனகத் தெருவில் வரிசையாக இருக்கும் ஹார்ட்வெயார் கடைகளில் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். அண்டைச் சந்தியிலுள்ள கடையிலும் பெரும்பாலானவை இருக்கும். துணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மரத்தின் மேலுள்ள சிலிக்கோனை எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும்?

முதலில் வெட்டு. சிலிக்கோன் இரண்டு பலகைகள் சந்திக்கும் மூலையில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டிய கோட்டை ஒட்டிப் பேப்பர் கட்டரை ஓட்டுங்கள். அலகின் நுனி மரத்தில் இறங்காமல் சிலிக்கோனுக்குள்ளேயே, மரத்திலிருந்து அரை மில்லிமீற்றர் தள்ளிப் போகும்படி பிடித்துக்கொண்டால் போதும். மீந்திருப்பதைப் பின்னர் எடுத்துவிடலாம். மரத்தில் விழுந்த கீறலை எடுப்பதற்கோ சுற்றியுள்ள பலகை முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது இழுப்பு. ஒரு முனையைக் கிளப்பி, பலகையோடு ஏறத்தாழப் படிந்திருக்கும் சாய்வில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். நேர் மேலே பிடித்து வெடுக்கென்று இழுத்தால் சிலிக்கோனோடு மரத்தின் நார்களும் வந்துவிடும். மேலே வெனியர் எனப்படும் மெல்லிய மரத்தகடு ஒட்டிய மேசையானால் வெனியரே பெயர்ந்துவிடும். இழுக்கும்போது நின்றால், நின்ற இடத்தில் மறுபடியும் வெட்டிவிட்டுத் தொடருங்கள். பழைய சிலிக்கோன் ஒரே கயிறாக வந்துவிடுவதும் உண்டு. மெழுகிட்ட மரத்தில் பூசப்பட்டிருந்தால் அதன் பிடி ஆரம்பத்திலிருந்தே பலவீனமானது. மெருகில்லாத வெறும் மரத்தில் பூசியதுதான் உண்மையான சோதனை.

மூன்றாவது, மீதியை இளக்குதல். இப்போது மெல்லிய தோலும் திட்டுக்களும்தான் எஞ்சியிருக்கும். துணியை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து அந்த இடத்தின் மேல் மட்டும் படியவிட்டு, காற்றில் பறந்துவிடாமல் பொலித்தீன் துண்டால் மூடி, அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள். திறந்து பார்த்தால் திட்டுக்கள் சற்று உப்பி, ஓரம் கிளம்பியிருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். ரேகைக்குள் கிடப்பதை அழிறப்பரால் உருட்டி எடுங்கள், அது சிறு புழுக்கள் போலச் சுருண்டு வரும். வராவிட்டால் இன்னொரு தடவை மூடி வையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருப்பது வழமையே.

கடைசியாகத் துடைப்பு. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போனபின், புதிய துணியில் டர்பன்டைன் எடுத்து ஒரே திசையில் ஒரு தடவை துடைத்து, அந்தத் துணிப் பக்கத்தை மடித்துவிட்டு அடுத்த சுத்தமான பக்கத்தால் மறுபடி துடைக்க வேண்டும். அதே துணியால் முன்னும் பின்னும் தேய்த்தால், எடுத்த எண்ணெய்ப் படலத்தை மரம் முழுவதும் பூசிக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு அடி நீளத்துக்குக் குறைந்தது ஐந்தாறு சுத்தமான துணிப் பக்கங்களைக் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

சாண்ட்பேப்பர் போட்டால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடாதா?

போகாது, இந்தத் தவற்றைத்தான் மிகுதியானோர் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். தெஹிவளையில் ஒரு வீட்டிலிருந்து வாங்கிய பலா மரத்து அலங்கார மேசை அது. கண்ணாடிச் சட்டத்தின் அடியில் விரல் அகலத்துக்குச் சிலிக்கோன் இருந்தது. பெரியதை உரித்துவிட்டு, மீதியைச் சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். மரம் மஞ்சளாக, சுத்தமாகத் தெரிந்தது. வார்னிஷ் பூசிய சில நிமிடங்களில், சிலிக்கோன் இருந்த இடத்தில் மட்டுமல்ல, அதிலிருந்து ஒரு சாண் தூரம் வரைக்கும் சிறு சிறு வட்டக் குழிகள் தோன்றின. ஒவ்வொரு குழியின் நடுவிலும் வெறும் மரம் தெரிந்தது. ஸ்பிரே பெயின்ட் வேலை செய்பவர்கள் இதை ஃபிஷ் ஐ என்பார்கள்.

நடந்தது இதுதான். சாண்ட்பேப்பரின் மணிகள் இறப்பர் போன்ற சிலிக்கோனை வெட்டுவதில்லை. அதைத் துகள்களாக்கி, சூட்டோடு மரத்தின் திறந்த நாளங்களுக்குள் அமுக்கிவிடுகின்றன. சிலிக்கோனுக்குள் இறுகாமல் எஞ்சியிருக்கும் எண்ணெயும் அதோடு பரவுகிறது. அந்த எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை வார்னிஷினுடையதை விடக் குறைவு என்பதால், வார்னிஷ் அதன் மேல் பரவாமல் விலகி ஓடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் இதற்கு. ஆகவே, வெட்டி, இழுத்து, இளக்கி, துடைத்து, துடைப்பின் பின் பரிசோதித்துப் பார்த்து, அதற்குப் பிறகே சாண்ட்பேப்பரைக் கையில் எடுக்க வேண்டும். அந்த மேசையை மறுபடியும் வார்னிஷ் முழுவதையும் அகற்றி, டர்பன்டைனால் பலமுறை துடைத்து, ஷெலாக் எனும் அரக்குப் பூச்சைப் பூசி மூடிய பிறகே மீட்க முடிந்தது.

முழுமையாகப் போய்விட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது?

வெறும் மரமானால் தண்ணீர்த் துளி ஒன்றைச் சிலிக்கோன் இருந்த இடத்திலும், அதே பலகையில் சிலிக்கோன் படாத தூர இடத்திலும் விடுங்கள். தூர இடத்தில் துளி பரவி உறிஞ்சப்பட, இங்கே முத்தாகவே நின்றால் படலம் இன்னும் இருக்கிறது. மெருகிட்ட மரத்தில் தண்ணீர் எங்கும் முத்தாகவே நிற்கும் என்பதால் இந்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும். அங்கே காகித டேப் ஒன்றை ஒட்டி இழுத்து, இரண்டு இடங்களிலும் பிடிப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மேசையின் மெருகு எந்த வகை என்று தெரியவில்லை. டர்பன்டைன் அதைக் கெடுக்குமா?

இறுகிய வார்னிஷ், லாக்கர், ஷெலாக் பொலிஷ் ஆகியவற்றை டர்பன்டைன் சிறிது நேரத்தில் கெடுப்பதில்லை. மெழுகை மட்டும் கரைக்கும், அதைப் பிறகு மறுபடி பூசிக்கொள்ளலாம். ஸ்பிரிட்டும் தின்னரும் அப்படியல்ல. அரக்கிலிருந்து செய்யப்படும் ஷெலாக்கை ஸ்பிரிட் கரைத்துவிடும். லாக்கரைத் தின்னர் கரைத்துவிடும். மேசையின் அடியில், அல்லது அலுமாரிக் கதவின் உள்விளிம்பில் பஞ்சால் ஒரு துளி ஸ்பிரிட் வைத்து ஒரு நிமிடத்தின் பின் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது ஷெலாக். பழைய பொலிஷ் வேலைகளில் இது அடிக்கடி காணப்படும். அப்படியானால் ஸ்பிரிட் போத்தலை மூடி வைத்துவிடுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடி அலுமாரிக் கதவில் சிலிக்கோனால் ஒட்டப்பட்டிருக்கிறது. உடையாமல் கழற்ற முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு பேர் வேண்டும், தனியே செய்ய வேண்டாம். கதவைக் கழற்றித் தரையில் பழைய கம்பளத்தின் மேல் படுக்க வையுங்கள். கண்ணாடியின் முகத்தில் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால், உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. தங்கூசி நூலை ஒரு முழத்துக்கும் மேல் நீளமாக எடுத்து, இரு முனைகளையும் சிறு மரத்துண்டுகளில் சுற்றிப் பிடித்து, கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் நுழைத்து, வாள் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள். சிலிக்கோன் திட்டுத் திட்டாகத்தான் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திட்டும் அறுபடும்போது கை உணரும். கடைசித் திட்டு அறுபடும் வரைக்கும் இரண்டாவது ஆள் கண்ணாடியைப் பிடித்திருக்க வேண்டும். உளியாலோ திருகாணி முடுக்கியாலோ நெம்பாதீர்கள்.

கழன்ற கண்ணாடியின் பின்புறத்தில் எஞ்சிய சிலிக்கோனைச் சுரண்டவே கூடாது. அங்கே வெள்ளிப்பூச்சை ஒரு மெல்லிய பெயின்ட் மட்டுமே காக்கிறது. சுரண்டினாலும் தின்னர் பட்டாலும் முன்பக்கத்தில் கறுப்புத் திட்டுக்களாகத் தெரியும். அந்தத் திட்டுக்கள் ஏற்கெனவே இருந்தால், முன்பு வினாகிரி மணமுள்ள சிலிக்கோனால் ஒட்டியிருக்கக்கூடும். அதன் அமிலமும் கடற்காற்றும் பூச்சை அரித்துவிடும். பின்புறச் சிலிக்கோனை அப்படியே விட்டு, மரத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

பூச்சில்லாத வெறும் கண்ணாடியில் வேலை எளிது: சவர்க்காரத் தண்ணீர் தடவி, புதிய சவர அலகைப் படிந்த சாய்வில் ஒரே திசையில் தள்ளினால் போதும்.

மார்பிள், மெலமைன், எம்.டி.எஃப், இரும்பு ஆகியவற்றில் என்ன வேறுபாடு?

மார்பிளில் எந்த அமிலமும் படக்கூடாது. வினாகிரி கூட அதன் பளபளப்பை அரித்துவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் டர்பன்டைனும் போதும். கல்லுக்குள் எண்ணெய் இறங்கியிருந்தால் கறையின் நிழல் எஞ்சலாம்.

மெலமைனும் ஃபோர்மைக்காவும் இவ்வேலைக்கு மிகவும் இணக்கமானவை. மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்ட் பலகைகளில் மேல்தாள் நன்றாக இருந்தால் அதே முறைதான். ஆனால் அவற்றின் வெட்டு விளிம்பில் சிலிக்கோன் பூசப்பட்டிருந்தால் ஏன் பூசினார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் தண்ணீர் ஏறி உப்பிய விளிம்பை மறைக்கத்தான். அந்தச் சிலிக்கோனை எடுத்தால் பலகையின் தூளும் சேர்ந்து வரும், உப்பியது திரும்பச் சுருங்காது. கழுவு தொட்டிக்கு அடியிலிருந்த அலுமாரிகளில் இதை அதிகம் காணலாம். அவற்றுக்கு உழைப்பைச் செலவிட நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரும்பு அலுமாரியில் தின்னர் பெயின்ட்டை எடுத்துவிடும். கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் தகட்டில் ஸ்பிரிட்டும் தின்னரும் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். அங்கே விரலும் பிளாஸ்டிக் அட்டையும் மட்டும்.

ஆடும் கதிரைக் கால்களைச் சிலிக்கோன் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். என்ன செய்வது?

இது என்னை மிகவும் வருத்தும் வகை. கதிரையின் மூட்டு, துளையும் அதற்குள் புகும் நாக்கும் மரத்தோடு மரமாகப் பசையால் பிணைவதால்தான் பாரத்தைத் தாங்குகிறது. அதற்குள் இறப்பர் போன்ற ஒன்றை வைத்தால் மூட்டு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அசையும், அசைந்து அசைந்து துளை பெரிதாகும். அதைவிடத் தீமை, பிறகு மரப் பசை வைத்தாலும் அது சிலிக்கோன் பட்ட மரத்தில் பிடிக்காது.

மூட்டை இறப்பர் சுத்தியலால் தட்டிப் பிரித்து, நாக்கிலும் துளையின் சுவர்களிலும் உள்ளதைக் கூர்மையான உளியால் மெல்லிய சீவலாக, வெறும் மரம் வரும் வரை சீவ வேண்டும். தேய்ப்பதற்குப் பதிலாகச் சீவச் சொல்வது, சீவலோடு அசுத்தமான மரப்படையும் போய்விடும் என்பதால். நாக்கு மெலிந்துவிட்டால் அதே மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டித் தடிப்பாக்கலாம். இது பழகிய கைக்கான வேலை. நாலு கதிரையும் நல்ல மரமானால் தச்சரிடம் கொடுப்பதே நல்லது. தலைமுறை தலைமுறையாகத் தளபாட வேலை நடக்கும் மொரட்டுவையில் இதைச் செய்யத் தெரிந்தவர்களைக் காணலாம். கொடுக்கும்போது, உள்ளே சிலிக்கோன் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வழமைபோலப் பசை வைத்து இறுக்கித் தருவார், சில மாதங்களில் மறுபடியும் ஆடும்.

பிரம்புப் பின்னலில் ஒட்டிய சிலிக்கோனை மட்டும் எடுக்க முயல வேண்டாம். பின்னலையே மாற்றுங்கள்.

சிலிக்கோன் கறுத்துப்போயிருக்கிறது. கழுவினால் வெளுக்குமா?

அது பூஞ்சணம். மேலே படிந்தது போகும், உள்ளே வேரோடியது போகாது, அகற்றுவதே வழி. அகற்றிய பின் மரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஷெலாக் மெருகு உள்ள இடமானால் ஸ்பிரிட்டுக்குப் பதிலாகச் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் சில நாட்கள் உலரவிடுங்கள். வெளுக்கும் திரவத்தை வினாகிரியோடோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

வாங்கும்போதே எதைப் பார்க்க வேண்டும்?

சிலிக்கோன் எங்கே இருக்கிறது என்பதை விட, அது எதை மறைக்கிறது என்பதைப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் இருப்பது சாதாரணம். பலகையின் நடுவில் பொட்டுப் பொட்டாக இருந்தால் துளைகளை மூடியிருக்கிறார்கள். அடியில் மாவு போன்ற புதிய தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே வண்டு இன்னும் மரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றத் தளபாடங்களுக்கும் ஆபத்து. கால்களின் அடியில் இருந்தால் நிலத்தின் ஈரம் ஏறி உக்கிய மரமாக இருக்கலாம். பேனாக் கத்தியின் நுனியால் அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒருமுறை ஒரு விற்பனையாளர், "சிலிக்கோன்தானே, தின்னர் போட்டால் போய்விடும்" என்று சொல்லி என்னிடம் விற்ற அலுமாரியின் பின்காலில், சிலிக்கோனை உரித்தபோது மரமே இல்லை. சிலிக்கோனே காலாக நின்றது. கதவுகளைக் கழற்றி வேறு அலுமாரிக்குப் பாவித்தேன்.

கடையில் கிடைக்கும் சிலிக்கோன் நீக்கும் ஜெல் எப்படி?

சில வகைகள் வெறும் கரைப்பான்கள், வீங்க மட்டுமே வைப்பவை. வேறு சில, அமிலம் போன்ற வலுவான பொருட்களால் சிலிக்கோன் சங்கிலியையே அறுப்பவை. அவை உண்மையிலேயே வேலை செய்யும். ஓட்டிலும் கண்ணாடியிலும் அவற்றுக்கு இடம் உண்டு. மரம் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும், நிறம் மாறும், கழுவி எடுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். கல்லையும் உலோகத்தையும் அரிக்கவும் கூடும். மரத் தளபாடத்துக்கு நான் அவற்றை வாங்குவதில்லை.

தொடர்மாடி வீட்டுக்குள் இந்த வேலையைச் செய்யலாமா?

யன்னல் இரண்டு பக்கமும் திறந்திருந்தால், ஒரு சிறு போத்தல் டர்பன்டைன் அளவு வேலையைச் செய்யலாம். தின்னரை உள்ளே திறக்கவே வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், பெரும்பாலும் டொலுயீன் கலந்திருப்பதால் தலைவலியும் மயக்கமும் தரும். எங்கள் வீடுகளில் சாமி அறை விளக்கு எரிந்துகொண்டிருப்பதையும், குசினியில் காஸ் அடுப்பு இருப்பதையும் முதலில் நினைவில் கொள்ளுங்கள். விளக்கு அணைந்த பிறகு, சமையல் முடிந்த பிறகு தொடங்குங்கள். மின்விசிறி ஆவியை அறைக்குள்ளேயே சுழற்றாமல் யன்னல் பக்கம் தள்ளும்படி வையுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்நேரம் வேறு இடத்தில் இருப்பது நல்லது.

நனைந்த துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். வெளியில், நிழலில் விரித்துப் போட்டு முழுவதும் உலர்ந்த பின் அகற்றுங்கள். மிஞ்சிய திரவத்தைக் கழுவு தொட்டியில் ஊற்ற வேண்டாம். மூடியிட்ட போத்தலில் தெளியவிட்டால் மேலே நிற்பதை அடுத்த வேலைக்குப் பாவிக்கலாம்.

எல்லாம் எடுத்தாயிற்று. மறுபடி என்ன பூசுவது, இடைவெளியை எதனால் மூடுவது?

மரத்தைக் குறைந்தது ஒரு நாள் உலரவிட்டு, மெழுகு நீக்கிய ஷெலாக்கை மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். அது எஞ்சிய சிலிக்கோன் எண்ணெயை மரத்துக்குள்ளேயே அடைத்துவிடும், அதன் மேல் வார்னிஷும் லாக்கரும் நன்றாகப் பிடிக்கும். முதல் தடவையை உருட்டித் தேய்க்காமல் மென்மையான தூரிகையால் ஒரே ஓட்டத்தில் பூச வேண்டும். மழை பெய்யும் நாளைத் தவிருங்கள். ஈரக் காற்றில் ஷெலாக் வெண்மை பூத்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை அடிக்கடி பெய்யும் என்பதால் காலையிலேயே பூசி முடிப்பது நல்லது.

மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலான வெடிப்பை, அதே மரத்தின் தூளை மரப் பசையில் குழைத்து அடையுங்கள். அகலமாக இருந்தால் மரச் சீவல் ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்த, முன்பு தச்சர்கள் செய்தது போல மெல்லிய மரச் சட்டங்களைச் சிறு ஆணியால் அடித்தால், பிறகு கழற்றவும் முடியும். சட்டமில்லாமல் கதவின் முகத்தில் ஒட்ட வேண்டிய கண்ணாடிக்கு மட்டும், வினாகிரி மணம் தராத, கண்ணாடிப் பூச்சுக்கு ஏற்றது என்று குழாயிலேயே குறிப்பிட்டிருக்கும் நடுநிலைச் சிலிக்கோனை வாங்குங்கள். அதையும் மெருகு முழுவதும் பூசி உலர்ந்த பிறகே வையுங்கள். சில மில்லிமீற்றர் தடிப்பு உள்ளே வரை இறுக ஒரு நாளுக்கும் மேல் ஆகும் என்பதால், அதுவரை கதவைப் படுக்க வைத்தே விடுங்கள்.